எந்தப் படம் அதிகம் பயமுறுத்தியது?

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. அரண்டவர்களே காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, இருட்டில் உட்கார்ந்து, மேலும் அரண்டு வீடு திரும்புவதை அவர்கள் கண்டிருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பார்களோ! அன்புத் தோழியரே, பேய்ப் படம் என்றால் போர்வையை இழுத்து மூடிக் கொள்பவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் போர்வையில் ஒரு சிறு சந்து விட்டுப் பார்க்காதவர்கள் ஒருவரும் இல்லை என்பது என் எண்ணம்.

இவ்வாண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று சிந்தித்தபோது, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டு எல்லாரிடமும் போனேன். “நீங்கள் பார்த்த படங்களிலேயே அதிகம் பயமுறுத்தியது எது? ஏன்?” படத்தின் பெயரை எல்லாரும் உடனே சொன்னார்கள். ‘ஏன்’ என்றதும் சற்று யோசித்தார்கள். அப்படி யோசித்துச் சொன்ன விடைகளையே இங்கே தருகிறேன்.

முதலில் என் அம்மாயியிடம் கேட்டேன். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழ்கிறார். அவர் சொன்ன படம் ‘ஆயிரம் ஜென்மங்கள்’. நடிகை ஷீலா 1976இல் மலையாளத்தில் இயக்கிய ‘யக்ஷகானம்’ என்ற படத்தைத் தழுவி, துரை இயக்கத்தில் 1978இல் தமிழில் வெளிவந்தது. இறந்துபோன ஒருத்தியின் ஆவி இன்னொருத்தியின் உடலில் புகுந்து கொள்ளும் கதை.

“கொட்டாயில அத்தன சனம் கூட இருந்துது அம்மணி, பயமே தெரியல. ரெண்டாவது ஆட்டம் முடிஞ்சு தென்னந்தோப்புக்குள்ள நடந்து ஊட்டுக்கு வரோணுமல்லொ? அப்பத்தான் ஒவ்வொரு மட்டையும் ஆளாட்டத் தெரிஞ்சுது” என்றார். படத்தைவிட, படம் முடிந்த பிறகு வரும் தனிமையே அவருக்குப் பயம்!

கொட்டகை என்றதும் நம் கோவையின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். இயேசுநாதரின் வாழ்க்கைப் படமும் அவற்றுள் ஒன்று. பின்னர் 1914இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிரந்தரத் திரையரங்கை நிறுவினார். வெரைட்டி ஹால் சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே, முன்பின் அறியாதவர்களோடு இருட்டில் அமர்ந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக் கொள்ளும் பழக்கம் நம் ஊருக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உண்டு.

அடுத்து என் அம்மா. அவருக்குப் பயம் தந்தது ‘யாவரும் நலம்’ (2009). விக்ரம் குமார் இயக்கி, மாதவன் நடித்த படம். புதிதாகக் குடிவந்த அடுக்குமாடி வீட்டில் பெண்கள் ஒரு தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறார்கள். அத்தொடரில் வரும் குடும்பத்துக்கு நேர்வதெல்லாம் இவர்கள் குடும்பத்துக்கும் நேர்கிறது. அம்மா சொன்ன காரணம் என்னைச் சிந்திக்க வைத்தது. “பாழடைந்த பங்களாவில் பேய் இருந்தால் நாம் அங்கே போகாமல் இருந்து விடலாம். சொந்த வீட்டிலேயே இருந்தால் எங்கே போவது?” என்றார்.

அப்பாவோ தமக்குப் பயமே கிடையாது என்று சொல்லி விட்டு, கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) படத்தைக் குறிப்பிட்டார். பீட்சா கொண்டு போய்க் கொடுக்கும் இளைஞன் ஒருவன் பெரிய வீடு ஒன்றில் பேய்களிடம் மாட்டிக் கொண்டதாகக் கதை போகிறது. அவன் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்பது பின்னால்தான் நமக்குத் தெரியும். “பொய் என்று தெரிந்த பிறகும், வண்டியை எடுக்கப் போனபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்” என்று அப்பா மெல்லச் சொன்னார். பயமே இல்லாதவர் எதற்குத் திரும்பிப் பார்த்தாராம்?

எங்கள் வகுப்பில் ‘காஞ்சனா’வுக்கும் ‘டிமான்ட்டி காலனி’க்கும் பலத்த போட்டி நடந்தது. ஆங்கிலப் படம் பார்க்கும் தோழியர் ‘தி கான்ஜுரிங்’ (2013), ‘அன்னாபெல்’ (2014) என்றார்கள். விடுதித் தோழி ஒருத்தி மட்டும் காதோடு காதாக ‘தி நன்’ (2018) என்றாள். கன்னியர் உடையில் பேய் வரும் படம் அது! துணிவை வரவழைத்துக் கொண்டு எங்கள் சிஸ்டரிடமே அதைச் சொன்னேன். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்படியானால் இனி இரவில் விளக்கை அணைக்க நான் பாடிக்கொண்டேதான் வர வேண்டும் போலிருக்கிறது” என்றார்.

இத்தனை விடைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, பேய்ப் படங்கள் நம்மைப் பிடித்துக் கொள்ளும் வழிகள் சில புலப்பட்டன. ஒன்று, ஒலி. ‘டிமான்ட்டி காலனி’யின் ஒரு காட்சியை ஒலியை நிறுத்தி விட்டு என் தம்பிக்குக் காட்டினேன். முன்பு அலறியவன் இப்போது கெக்கலி கொட்டிச் சிரித்தான். இரண்டு, காத்திருத்தல். கதவு திறந்த பிறகு வரும் பயத்தைவிட, திறப்பதற்கு முன் வரும் பயமே பெரிது. மூன்று, பழகிய பொருள்கள். தொலைக்காட்சி, பொம்மை, கட்டில், கண்ணாடி என்று நாள்தோறும் நாம் தொடுபவை மாறிப் போனால் நெஞ்சு நடுங்குகிறது.

ஆனால் நான்காவதாக ஒன்றைக் கண்டேன். அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத விரும்புகிறேன். இந்தப் படங்களில் பேய் பெரும்பாலும் பெண். பேய் பிடிக்கப்படுபவளும் பெரும்பாலும் பெண்ணே. ஏன்?

ஹாலிவுட்டின் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) மிகவும் பயங்கரமான படம் என்று உலகெங்கும் பேசப்படுவது. அதில் பேய் பிடிக்கப்படுவது நம்மைவிட இளைய, 12 வயதுச் சிறுமி. அப்படத்துக்கு மூலமான நாவலை 1971இல் எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. 1949இல் அமெரிக்காவில் நடந்ததாகச் செய்தித்தாளில் வந்த ஒரு நிகழ்ச்சியே அவரை எழுதத் தூண்டியது. அந்த நிகழ்ச்சியில் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவன் ஒரு சிறுவன். கதையில் அவன் சிறுமியாகி விட்டான்!

நம் படங்களையும் எண்ணிப் பார்ப்போம். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) படத்தில் ஜமீன்தார் மகன் நேசித்த ஏழைப் பெண் உயிரிழக்கிறாள். ‘சந்திரமுகி’யில் (2005) நாட்டியப் பெண்ணை அரசன் உயிரோடு எரிக்கிறான். ‘காஞ்சனா’வில் (2011) பெற்றோரால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கை, நிலத்துக்காகக் கொல்லப்படுகிறாள். ‘மாயா’வில் (2015) மாயா மனநோயாளிகளின் விடுதி ஒன்றில் அடைபட்டுக் கொடுமைக்கு ஆளானவள். இவர்கள் எல்லாரும் பேயாவதற்கு முன்பு, கேட்பாரில்லாத மனிதர்களாக இருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர்கள் அழுகுரலை யாரும் கேட்கவில்லை. செத்த பிறகு கத்தினால் ஊரே நடுங்குகிறது. பேய் வரும் காட்சிகளைவிட அதற்கு முந்தைய அந்தக் கதைகளே எனக்கு அதிக அச்சம் தருகின்றன.

‘சந்திரமுகி’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) என்ற மலையாளப் படத்தின் கதையைக் கொண்டு பி. வாசு இயக்கிய படம் இது. வடிவேலுவின் நகைச்சுவைக்காகவே எங்கள் வீட்டில் பலமுறை பார்த்திருக்கிறோம். கங்காவாக ஜோதிகா நடித்திருப்பார். வெளியே போக வேண்டாம் என்று கணவன் சொன்ன மாத்திரத்தில் கங்காவின் முகமும் குரலும் மாறுமே, அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. படத்தின் முடிவில், அவளைப் பிடித்திருப்பது பேயன்று, மனத்தின் நோய் என்று மருத்துவர் சொல்கிறார். அப்படத்தில் காட்டும் சிகிச்சை சினிமாவுக்கானது. உண்மையான மருத்துவம் அப்படி இருக்காது. ஆயினும் “இது நோய்” என்று அவ்வளவு பேர் பார்த்த ஒரு படம் சொன்னது நல்லதே.

அம்மாயியின் ஊரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்டுக் கொண்ட பிறகே இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது அவர் பிளஸ் டூ முடித்திருந்தார். மேலே படிக்க விரும்பினார். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நாளடைவில் சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. பிறகு ஓரிரவு வேறு யாரோ பேசுவதுபோல் கத்தத் தொடங்கினார். “காத்துக் கருப்பு அடிச்சிருச்சு” என்றது ஊர். உடுக்கை வந்தது, வேப்பிலை வந்தது, திருநீறு வந்தது. “நீ யாரு? எங்கிருந்து வந்த?” என்று ஆளாளுக்கு அதட்டினார்கள். அவர் கன்னத்தில் வேப்பங்குச்சியின் தழும்பு சில நாள் இருந்தது.

என் அம்மாயி பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். அவர்தான் அந்த அக்காவின் தகப்பனாரிடம் போய், “ஏனுங் தம்பி, காச்சல் வந்தா ஆசுபத்திரிக்குத்தானுங்க போறோம்? மனசுக்கு வந்தா மட்டும் எதுக்குங்க வேப்பங்குச்சி?” என்று கேட்டார். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். பல மாதம் மருந்து சாப்பிட்டார், மருத்துவரிடம் பேசினார். இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதிக் கொண்டே அஞ்சல் வழியில் பட்டப் படிப்புப் படிக்கிறார்.

கடந்த பொங்கல் விடுமுறையில் அவரிடமும் தயங்கித் தயங்கி என் கேள்வியைக் கேட்டேன். “சந்திரமுகிதான் கண்ணு” என்றார். “கங்காவுக்குத் தான் என்ன செஞ்சோம்னே நெனப்பு இருக்காதல்லொ? நானும் அப்பிடித்தான். ஆனா ஒண்ணு மட்டும் நெனப்பிருக்குது. எல்லாரும் பேய்கிட்டயே பேசுனாங்க. என்ற பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடல. உங்க அம்மாயி மட்டுந்தான் கூப்பிட்டாங்க.”

அதைக் கேட்ட பிறகு நான் பார்த்த பேய்ப் படங்கள் எல்லாம் சிறியவையாகத் தோன்றின.

சினிமாவுக்கு வெளியே நடந்த ஒன்றையும் நாம் அறிந்திருக்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைப் போன்றவர்களைப் பேய் பிடித்தவர்கள் என்று நம்பி அங்கே கொண்டுவந்து விடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. இன்று, 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டத்தின்படி மனநோயாளி எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

நம் திருச்சபை இதில் என்ன சொல்கிறது என்று சிஸ்டரிடம் கேட்டேன். ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் விதி கூறுகிறதாம். 1999இல் வெளியான புதிய சடங்கு நூலும், நோயைப் பேய் என்று தவறாக எண்ணி விடக் கூடாது என்றும், மருத்துவம் அறிந்தவர்களைக் கலந்து கொள்ள வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. “செபிப்போம், மருத்துவரிடமும் போவோம். ஒன்று மற்றொன்றுக்குப் பகை இல்லை” என்றார் சிஸ்டர்.

தோழியரே, பேய்ப் படம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நானே பார்ப்பேன்; தம்பியை அருகில் உட்கார வைத்துக் கொண்டு பார்ப்பேன். பயந்து சிரித்து, பாப்கார்ன் தின்று, தூங்கி எழுந்தால் அப்பயம் போய்விடும். ஆனால் நம் வகுப்பிலோ வீதியிலோ ஒருத்தி திடீரென்று பேச்சைக் குறைத்துக் கொண்டால், சாப்பிடாமல் இருந்தால், தனியே அழுதால், அவளுக்கு ஏதோ பிடித்துக் கொண்டது என்று விலகி நிற்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பெற்றோர்களே, உங்கள் மகள் வழக்கத்துக்கு மாறான குரலில் பேசினால், அவள் நெடுநாளாகச் சொல்ல முயன்றது என்ன என்று அன்புடன் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு