வயர் எல்லாம் ஆன்டெனாதான்!

செல்போன் மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால், பக்கத்திலிருக்கும் ரேடியோவோ ஸ்பீக்கரோ ‘டட்-டட்-டட்... டட்-டட்-டட்’ என்று உறுமியதைக் கேட்டிருக்கிறீர்களா? கொஞ்ச வருடங்களுக்கு முன்பு வரை எல்லா வீட்டிலும் நடந்த விஷயம் இது. டவரோடு பேசுவதற்காக போன் அனுப்பும் அலையை, ஸ்பீக்கரின் வயர் தனக்கு வந்த பாட்டாக எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கரை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அது ‘என்ன?’ என்று கேட்கும்.

எங்கள் வீட்டில் இப்படிக் கூப்பிடாமலே வந்து நின்றது, என் லேப்டாப்.

நான் கடலூரில் இயற்பியல் டீச்சர். மாடி அறையில் ஓர் அமெச்சூர் ரேடியோ நிலையம் வைத்திருக்கிறேன். ‘ஹாம் ரேடியோ’ என்றால் பலருக்கும் தெரிந்திருக்கும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் வாங்கினால், நம் வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசலாம். 12 வயது நிரம்பியிருந்தால் போதும். நடுவில் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, மொட்டைமாடியில் ஒரு கம்பி.

கடலூர்க்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்த பிறகு, எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பு 2004 டிசம்பரில், பாரதி பிரசாத்தும் அவருடைய ஹாம் குழுவினரும் வேறு நிகழ்ச்சிக்காக அந்தமான் போயிருந்தார்கள். சுனாமி வந்து தொடர்புகள் அறுந்தபோது, அவர்களுடைய ரேடியோதான் தீவுகளிலிருந்து செய்தி கொண்டுவந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

பேசுவதற்கு மைக் போதும். ஆனால், ஆபத்து நேரத்தில் அனுப்பவேண்டியது பெரும்பாலும் பட்டியல்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாருக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம். இரைச்சலுக்கு நடுவே குரலில் சொன்னால், ‘சின்னத்தம்பியா, சின்னசாமியா?’ என்று மூன்று முறை கேட்கவேண்டியிருக்கும். அதையே கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தால், அது எழுத்துகளை ஒலியாக மாற்றி ரேடியோவிடம் கொடுக்கும். அந்தப் பக்கக் கம்ப்யூட்டர் ஒலியைத் திரும்ப எழுத்தாக்கிவிடும். ரேடியோவையும் லேப்டாப்பையும் இணைப்பது ஒரு யுஎஸ்பி கேபிள். ஒலியும் அதில்தான் போகும். ‘இப்போது அனுப்பு’, ‘போதும், நிறுத்து’ என்கிற கட்டளைகளும் அதில்தான் போகும்.

பருவமழைக்கு முன்னால், ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். டெல்லியிலிருக்கும் ஒரு ஹாம் நண்பருக்கு, கற்பனையான இருபது பேருடைய மருந்துப் பட்டியலை 14 மெகாஹெர்ட்ஸில் அனுப்பவேண்டும். மூன்றாவது பெயரில் லேப்டாப் ‘டொய்ங்’ என்றது. யுஎஸ்பி துண்டிப்பு. வயரைப் பிடுங்கினால் வருகிற அதே சத்தம். ஆனால், யாரும் வயரைத் தொடவே இல்லை.

அதைவிட மோசம் அடுத்தது. ‘நிறுத்து’ என்ற கட்டளை போகவேண்டிய வழியே அடைபட்டுவிட்டதல்லவா? ரேடியோவின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. அனுப்புவதற்கு ஒன்றுமில்லாமலே அது அனுப்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். விட்டிருந்தால் ரேடியோ சூடேறிக் கெட்டிருக்கலாம். புயல் நாளில் இப்படி நடந்தால், அதே அலைவரிசையில் உதவி கேட்கும் இன்னொருவரின் வாயையும் நாம் அடைத்ததாக ஆகிவிடும்.

அதே நேரம் கீழேயிருந்து அத்தையின் குரல். “ஏம்மா, நீ மேலே ரேடியோ போட்டாலே இங்க இன்டக்‌ஷன் அடுப்பு ‘பீப் பீப்’னு கத்தி நின்னுபோகுது. ஒரு காபி போட முடியல!”

கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தபோது, “லேப்டாப் பழசு மேடம், புதுசு வாங்கிடுங்க” என்றார்கள். எனக்கு அத்தையின் அடுப்புதான் பெரிய துப்பாகத் தோன்றியது. அடுப்புக்கும் லேப்டாப்புக்கும் நடுவே எந்த வயரும் இல்லை. இரண்டும் ஒரே நொடியில் தடுமாறுகின்றன என்றால், நோய் லேப்டாப்பில் இல்லை. வீட்டுக்குள் ரேடியோ அலை நடமாடுகிறது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். எங்கள் விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். சோதனைக்கு எஃப்டி8 என்ற முறை வசதியாக இருந்தது. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் சேர்ந்து உருவாக்கி, 2017-ல் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு முறையும் பன்னிரண்டரை வினாடிதான் அனுப்பும். தாங்குகிறதா, அறுகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

நான்கு மாலைப்பொழுதுகளில் நோட்டில் ஏறியது இதுதான். 7 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் அனுப்பினாலும் தொல்லை இல்லை. 14-ல் 50 வாட்டுக்கு அறுகிறது, 10 வாட்டுக்குத் தாங்குகிறது. 28-ல் 10 வாட்டுக்கே அறுகிறது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால், அறுவது குறைகிறது. கடைசியாக, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ‘டம்மி லோடு’ மாட்டினோம். ரேடியோ தரும் சக்தியை வெளியே விடாமல், வெறும் சூடாக்கி விழுங்கும் சாதனம் அது. முழு 50 வாட் கொடுத்தும் லேப்டாப் அசையவில்லை. ஆக, ரேடியோ பெட்டியும் யுஎஸ்பியும் நல்லவைதான். ஆன்டெனா வழியாக வெளியே போனதுதான் வீட்டுக்குள் திரும்பி வருகிறது.

எப்படி வருகிறது? எங்கள் மனை சிறியது. அதனால் மாடியிலிருந்து தென்னைமரம் வரைக்கும் ஒற்றைக் கம்பிதான் கட்டமுடிந்தது. ஆனால் ஆன்டெனாவுக்கு எப்போதும் இரண்டு கை வேண்டும். ஒரு கைதான் கிடைத்தது என்றால், இன்னொன்றை அதுவே தேடிக்கொள்ளும். அதற்குச் சுலபமாகச் சிக்கியது, ரேடியோவிலிருந்து மாடிக்குப் போகும் கேபிளின் வெளிப்பின்னல். அதன் மேற்பரப்பில் மின்னோட்டம் ஏறி, நேராக மேஜைக்கே வந்துவிடுகிறது.

மேஜையில் யுஎஸ்பி கேபிள் காத்திருக்கிறது. அதற்குள் தகவல் போக இரண்டு மெல்லிய கம்பிகள். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் லேப்டாப் படிக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் கழிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அளவு மீறி வந்தால் எந்த அணையும் தாங்காது. ‘கருவியைக் காணோம்’ என்று லேப்டாப் கைவிட்டுவிடும்.

28-ல் மட்டும் ஏன் அவ்வளவு கோபம்? 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 28-க்கு ஏறக்குறைய 10.7 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி, அந்த அலையை ஆசையாக வாங்கும். அதாவது, சுமார் 2.7 மீட்டர். எங்கள் யுஎஸ்பி கேபிள் 1.8 மீட்டர். சார்ஜர் வயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நாம் ‘டேட்டா கேபிள்’ என்று பெயர் வைத்திருப்பது அலைக்குத் தெரியாது. அதற்கு வயர் எல்லாம் ஆன்டெனாதான்.

வைத்தியம் நம் கண்முன்னாலேயே இருக்கிறது. பழைய மானிட்டர் கேபிளிலும் சில சார்ஜர் வயர்களிலும் நுனிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதற்குள் இருப்பது ஃபெரைட் என்ற காந்தப் பொருள். வேண்டிய தகவலை விட்டுவிட்டு, வயரின் மேலே ஓடும் வேண்டாத அலையை மட்டும் மறிக்கும். வளையமாகவும் விற்கிறார்கள். வயரை ஒரு தரம் நுழைத்தால் கொஞ்சம்தான் பயன். ஐந்து சுற்றுச் சுற்றினால், ஏறக்குறைய 25 மடங்கு தடை. சுற்றின் வர்க்கம்! வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டதை மேஜையில் பார்த்தபோது, எனக்கே சந்தோஷமாக இருந்தது.

முதலில் வாசலை அடைத்தோம். ஆன்டெனாவுக்கு இரண்டாவது கையாக, மாடிச் சுவரோரம் ஒரு தனி வயர். வீட்டுக்குள் நுழையுமுன் பெரிய கேபிளுக்கு ஒரு ஃபெரைட் வளையம். அடுப்பின் கூச்சல் அன்றைக்கே நின்றது. பிறகு நீள யுஎஸ்பியை எடுத்துவிட்டு, ஒரு முழத்துக் கேபிளை மாட்டி, அதற்கும் ஒரு வளையம். சார்ஜர் வயருக்கு ஒன்று. கூடவே, மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அனுப்பினால் ரேடியோ தானே நின்றுபோகும்படி, அதிலேயே இருக்கும் டைமரை அமைத்தேன். எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் அந்தப் பூட்டு அவசியம்.

அடுத்த ஞாயிறு, வீட்டு மெயினை அணைத்துவிட்டு, கார் பேட்டரியில் அதே பட்டியலை அனுப்பினோம். இருபது பெயரும் போய்ச் சேர்ந்தன. நண்பர் திருப்பி அனுப்பிய நகலை மகள் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டாள். ஒரு மில்லிகிராம்கூட மாறவில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு ஹாம் இருக்கலாம். அவர் அனுப்பும்போது உங்கள் டிவியோ ஸ்பீக்கரோ கத்தினால், கோபித்துக்கொள்ளாமல் நேரத்தைக் குறித்துவைத்து அவரிடம் சொல்லுங்கள். அத்தை சொன்னதால்தான் எனக்கு வழி தெரிந்தது. தொல்லை எதிர்த்திசையிலும் உண்டு. மட்டமான எல்இடி பல்பும் சார்ஜரும் கிளப்பும் இரைச்சலில், தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல் மூழ்கிப்போகும். அவர் வந்து உங்கள் வீட்டு பல்பைப் பற்றிக் கேட்டால், ஐந்து நிமிடம் அணைத்துக் காட்டுங்கள்.

மகள் இப்போது உரிமத் தேர்வுக்குப் படிக்கிறாள். அந்த நோட்டின் பின்பக்கத்தில்தான் குறிப்பு எழுதுகிறாள்.