பெல்ட்டும் கருங்கல்லும்

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குப் போகிறவர்கள் உளியைப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனது பெல்ட்டைப் பார்க்க. ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் இருக்கிற பட்டறைகளில், கல்லைப் புரட்டவும் சிலையை லாரியில் ஏற்றவும் இன்று பாலியஸ்டரில் நெய்த பட்டை நாடாவை நம்புகிறார்கள். உள்ளங்கை அகலம், இரு முனையிலும் கொக்கியில் மாட்ட மடித்துத் தைத்த காது. கடைக்காரர் ‘வெப்பிங் ஸ்லிங்’ என்பார். பட்டறையில் அது பெல்ட்.

நான் உட்கார்ந்திருந்த கொட்டகையில் ஆறடி அம்மன் சிலை ஒன்று வேலை முடிந்து நின்றது. ஹைட்ரா கிரேன் வரத் தாமதம். “முன்னாடியெல்லாம் கம்பி வடந்தான் சார்,” என்றார் மூத்த சிற்பி. “அதுக்கும் முன்னாடி தேங்கா நார் வடம், உருட்டுக்கட்டை, கடப்பாரை, பத்துப் பதினைஞ்சு ஆளு. கம்பி வடம் கல்லுல அழுந்துச்சுன்னா விளிம்பு பேந்துரும். விரல் நுனி போனாலும் சிலை பின்னம். பின்னமானதுக்கு எவன் கும்பாபிஷேகம் பண்ணுவான்?” கோயிலுக்குப் போகிற சிலையில் ஒட்டு வேலைக்கு இடமில்லை. இரும்பு ஒதுங்கித் துணி வந்ததற்கு அந்த ஒரு காரணமே போதும்.

சிற்பிகள் கல்லைக் கன அடியில் பேசுவார்கள். ஒரு கன அடிக் கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. செதுக்குவதற்கு முன் 30 கன அடி இருந்த அந்தக் கல் அப்போது இரண்டேகால் டன். பெல்ட் எவ்வளவு தூக்கும் என்பதை அதன் நிறமே சொல்லிவிடும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. ஐரோப்பியத் தரத்திலிருந்து வந்த கணக்கு இது. எழுதியிருக்கிற எடையைப்போல் ஏழு மடங்கு தாங்கினால்தான் புது பெல்ட் அந்தத் தரத்தில் தேறும்.

இந்த ஏழு மடங்குதான் ஆளை ஏமாற்றுகிறது என்று எனக்குப் படுகிறது. ‘தாங்கும் சார்’ என்ற தைரியம் அங்கிருந்து பிறக்கிறது. அந்தக் கணக்கு புது பெல்ட்டுக்கு, நேராகத் தொங்கும் சுமைக்கு. சுருக்குப் போட்டால் தூக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டு பெல்ட்டை அகல விரித்து, ஒவ்வொன்றும் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்துவிட்டால், ஒவ்வொன்றின் மேலும் முழுச் சிலையின் எடை இறங்கும். இவற்றையெல்லாம் கிரேன் ஆபரேட்டர் கண்ணளவில் தெரிந்துவைத்திருக்கிறார். தேய்மானம்தான் கண்ணளவுக்குள் வருவதில்லை.

நார் என்னவோ நம் அப்பாக்கள் போட்ட டெரிலின் சட்டையின் அதே நார்தான். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தது. நைலானும் வலுவானதே, ஆனால் சுமை ஏறினால் அதிகம் இழுபடும், தூக்கிய சிலை குதிக்கும், நனைந்தால் வலுவும் குறையும். பாலியஸ்டர் தண்ணீர் குடிக்காது, அவ்வளவாக இழுபடாது. கடலோரத்துக்குத் தோதானது.

ஆலையில் உருகிய பாலியஸ்டர் இழையாக வெளிவந்து ஆறியதுமே அதன்மேல் ஒரு பூச்சு ஏறிவிடுகிறது. வழுக்க வைக்கும் எண்ணெய், அந்த எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் சோப்பு இனச் சேர்மம், நிலைமின்சாரம் சேராமல் தடுக்க இன்னொன்று. எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் இழையின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அது இல்லாவிட்டால் தறிக்குப் போவதற்குள்ளேயே இழை பிசிறடித்துவிடும். கப்பல் வடங்களுக்கு இதன்மேல் இன்னொரு பூச்சும் கொடுப்பார்கள், கடல்நீரில் கழன்றுபோகாதபடி தயாரித்தது. அதைச் சோதிக்கிற முறை எனக்குப் பிடித்தது. ஒரு நூலை அதன்மேலேயே சுற்றி, தண்ணீருக்குள் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனையாவது இழுப்பில் அறுகிறது என்பதுதான் மதிப்பெண். பெல்ட்டை நெய்து முடித்தபின் பிசினில் தோய்த்து உலர்த்துவதும் உண்டு. நூல் பிசிறாது, தூசியும் சுலபத்தில் உள்ளே இறங்காது.

ஆனால் இந்தப் பூச்சுகள் நூலுக்கும் நூலுக்கும் இடையே நடக்கிற உரசலைத் தணிப்பவை. கல் விளிம்பின் சங்கதி வேறு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில் கிடக்கும் கல்லை வைத்து 1893இல் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயர். நம்மூர்க் கல்லுக்கு வங்காளத்துக் கல்லறை வழியாகப் பெயர் வந்த கதை அது. அதிலும் சரி, மற்றக் கருங்கற்களிலும் சரி, குவார்ட்ஸ் உண்டு. எஃகுக் கத்தியையே கீறக்கூடிய கனிமம். துணியின் தேய்மானத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் மார்ட்டிண்டேல் கருவியோ (1940களில் இங்கிலாந்தில் வந்தது) துணியைக் கம்பளித் துணியில்தான் உரசும். கம்பளியோடு உரசி வாங்கிய மதிப்பெண் இந்தக் கொட்டகையில் செல்லாது.

அதனால்தான் சாக்கும் டயரும். கிரேன் வந்து நின்றதும் மூத்தவர் குரல் கொடுத்தார்: “டேய் தம்பி, பீடத்து மூலைக்கு டயர் வெச்சியா?” பையன் மூலைக்கு ஒன்றாகப் பழைய டயர் துண்டைச் செருகி, அம்மனின் தோளுக்கு நாலு மடிப்புச் சாக்கைக் கொடுத்தான். பெல்ட் இறுகும்போது கல்மேல் ஓர் அங்குலம் வழுக்கினால் போதும், அத்தனை எடையோடும் விளிம்பு அதை அறுக்கத் தொடங்கும். எந்த ஆலைப் பூச்சையும்விட அந்தப் பையன் செருகிய டயர் துண்டுக்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கழற்றிப் போட்டிருந்த பழைய மஞ்சள் பெல்ட் ஒன்றை மடியில் விரித்துப் பார்த்தேன். மேலே இலேசாக நார் எழும்பியிருந்தது, பயமுறுத்தும்படி ஒன்றுமில்லை. வளைத்து நெய்தலைப் பிரித்தபோது உள்ளே சாம்பல் நிறத் தூள். கிரைண்டர் கிளப்பும் கல்தூள். சுமை ஏறும்போதெல்லாம் நூல்கள் நெருக்கிக்கொள்ள, நடுவில் மாட்டிய தூள் உள்ளிருந்து அறுக்கிறது. உப்புக் காற்றில் நனைந்து காய்ந்தால் உப்புப் படிகமும் கூடச் சேர்கிறது. இதே தூள்தான், முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிறவரின் நுரையீரலுக்குள்ளும் இறங்குகிறது. சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலை மாற்றிப் போட மஞ்சள் பெல்ட் கிடைப்பதுபோல் கடையில் கிடைக்காது.

“அலசுவீங்களா?” என்று மூத்தவரிடம் கேட்டேன். “சோடா போட்டு ஊற வெச்சு வெயில்ல போட்டுருவோம் சார்.” எனக்குத் திக்கென்றது. பாலியஸ்டர் அமிலத்தை ஓரளவு தாங்கும், காரத்துக்கு ஆகாது. நைலானுக்கு இது நேர்த் தலைகீழ். பாலியஸ்டர் புடவைக்குப் பட்டின் குழைவு வர ஆலைகளில் காஸ்டிக் சோடாவில் போட்டு இழையின் தோலையே கரைத்தெடுப்பார்கள். சலவைச் சோடா அவ்வளவு மூர்க்கமில்லை, ஆனால் வழுக்கும் பூச்சை முதலில் கழற்றுவது அதுதான். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டாலே போதும் என்றேன். “அழுக்குப் போவணும்ல சார்,” என்றார் அவர்.

ஆபரேட்டர் கொண்டுவந்த பெல்ட்டில் லேபிள் இல்லை. நீல லேபிள் பாலியஸ்டருக்கான அடையாளம். அதில்தான் எடை, நீளம், தயாரித்தவர் விவரம் எல்லாம் இருக்கும். முதலில் தேய்ந்து விழுவதும் அதுதான். லேபிள் போனால் பெல்ட்டை ஒதுக்க வேண்டும் என்பது விதி. யார் ஒதுக்குவது? பெல்ட் கிரேனோடு வருகிறது. கிரேன் முதலாளி வேறெங்கோ இருக்கிறார், ஆபரேட்டர் சம்பளக்காரர், சிலை பட்டறையுடையது, பட்டறைக்காரர் மணிக்கணக்கில் வாடகை தருகிறார். அந்தரத்தில் தொங்குகிற நேரத்தில் சிலைக்கு உரியவரும் பெல்ட்டுக்கு உரியவரும் வேறு வேறு ஆள். ஒருவர் காசு மிச்சம் பிடித்தால் இன்னொருவருக்கு நஷ்டம். கீழே நின்று பீடத்தைப் பிடித்துத் திருப்பும் பையனைப் பற்றி இந்தக் கணக்கில் பேச்சே இல்லை.

அம்மன் சேதமில்லாமல் லாரி ஏறினாள். கழித்த பெல்ட்டை வெட்டிப் போடுவதுண்டா என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். “வெட்டுனா வீணாப் போவும் சார். லாரியில தார்ப்பாய் கட்ட ஆவும்.” தார்ப்பாய் கட்டப் போன பெல்ட் அவசரத்துக்கு மறுபடி கொக்கியில் ஏறாது என்று யார் சொல்வது? மூத்த சிற்பி மட்டும் தன் பட்டறைக்குச் சொந்தமான பெல்ட்டுகளைத் தேய்ந்ததும் காதை அறுத்து, நீளவாக்கில் கீறி, கொட்டகையின் பின்னாலிருந்த கட்டிலுக்கு நாடாவாகப் பின்னியிருக்கிறார். “மூணு டன்னு தூக்குனது,” என்றார். “என்னைத் தாங்காதா?”