எந்தக் கடன் முதலில்?

கடன் இல்லாத குடும்பம் நம் பங்குகளில் அரிது. கடன் வாங்குவதே பாவமென்று நான் சொல்ல வரவில்லை. மகளின் படிப்பு, தாயின் அறுவை சிகிச்சை, தலைக்கு மேல் ஒரு கூரை ஆகிய இவற்றுக்காகப் பிறரிடம் கை நீட்டாமல் வாழ இன்று மாதச் சம்பளக்காரர்களாலும் இயல்வதில்லை. ஆனால் கடன்கள் பலவாகி, வருமானம் அவற்றுக்குப் போதாமற்போகும் நாள் ஒன்று சில இல்லங்களில் வந்துவிடுகிறது. எல்லாருக்கும் கொடுக்க முடியாத அந்த நாளில், யாருக்கு முதலில் கொடுப்பது? இக்கேள்விக்குக் காணும் விடையைப் பொறுத்தே ஒரு குடும்பம் தன் வீட்டில் நிலைப்பதும் தெருவுக்கு வருவதும் அமைகின்றன.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குகளில் வீடு சந்தித்து வருகிறேன். அதில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. நம் மக்கள் தங்கள் கடன்களை வட்டியைக் கொண்டு வரிசைப்படுத்துவதில்லை. விளைவைக் கொண்டும் வரிசைப்படுத்துவதில்லை. வெட்கத்தைக் கொண்டே வரிசைப்படுத்துகிறார்கள். தெருவில் நின்று கூச்சலிடுகிறவனுக்கு முதல் பணம். வாசற்படியில் வந்து உட்காருகிறவர்களுக்கு அடுத்தது. திருமண வீட்டில் முகம் பார்க்க வேண்டிய உறவினருக்கு மூன்றாவது. வங்கியோ சத்தம் போடுவதில்லை. கடிதம் மட்டும் அனுப்புகிறது. வீட்டுக்காரரும் பல நேரம் சத்தம் போடுவதில்லை. அடுத்த மாதம் தருகிறோம் என்றால் தலையசைத்துப் போய்விடுகிறார். ஆகவே அவ்விருவரும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள். கூரையைப் பறிக்கும் உரிமை இருப்பதோ அவ்விருவருக்குத்தான்!

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மனைவி தையல் வேலைக்குச் செல்கிறார். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 25,000 ரூபாய். வங்கிக் கடனில் கட்டிய சிறு வீடு. அதற்கு மாதத் தவணை 7,800 ரூபாய். அவ்வீட்டை மந்திரித்தவன் நானே. பின்னர் ஒரு நோய் வந்தது. அதன் பின்னே கடன்கள் வந்தன. தண்டல்காரரிடம் 18,000 ரூபாய் கைக்கு வாங்கி, நாள்தோறும் 200 வீதம் 100 நாளில் 20,000 கட்டும் ஏற்பாடு. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த வட்டி, ஆண்டுக் கணக்கில் எழுபது விழுக்காட்டைத் தாண்டும். மகளிர் குழுக் கடனுக்கு மாதம் 3,600. அடகுக் கடையில் 50,000 ரூபாய்க்கு வைத்த சங்கிலிக்கு வட்டி 1,000. இரு சக்கர வண்டிக்கு 2,400. இவை போக மைத்துனரிடம் கைமாற்று, மளிகைக் கடையில் பாக்கி, கோயிலுக்குத் திருவிழா வரி.

கூட்டிப் பாருங்கள். தண்டலுக்கு மாதம் 6,000. மற்ற மூன்றும் சேர்ந்து 7,000. ஆக 13,000 ரூபாய் முதல் வாரங்களிலேயே கரைந்துவிடும். மீதி 12,000-ல் அரிசி, பால், மின்சாரம், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்க வேண்டும். வங்கித் தவணை இரண்டு மாதம் நின்றது, மூன்றாவதும் நெருங்கிற்று. வங்கி அனுப்பிய கடிதத்தைக் கணவர் வண்டியின் ஆவண உறைக்குள் வைத்திருந்தார். மனைவிக்குத் தெரியாது. மனைவி மைத்துனருக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து வந்ததும் கணவருக்குத் தெரியாது. ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் மறைத்தார். அந்த அன்பே வீட்டுக்கு வினையாக முடியவிருந்தது.

நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவர் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒரு தாளில் நான்கு பத்திகள் வரையச் சொன்னார். யாருக்கு, எவ்வளவு மீதி, என்ன வட்டி, கொடுக்காவிட்டால் எது போகும். நான்காம் பத்தியில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டலுக்கு நேரே 'தெருவில் மானம்' என்று எழுதினார்கள். திருவிழா வரிக்கு நேரே 'ஒன்றும் போகாது' என்று நானே எழுதச் சொன்னேன். வங்கிக்கு நேரே எழுத வந்தபோது அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது. 'வீடு' என்று எழுதினார்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பது. இருந்தது அந்தச் சங்கிலி ஒன்றே; அதுவும் அடகில். மகளுக்கென்று தாய் எடுத்து வைத்தது. அடகு வைத்த நாளைவிடத் தங்கத்தின் விலை ஏறியிருந்ததால், மீட்டு விற்றால் 90,000 ரூபாய் கிடைக்கும் என்று தெரிந்தது. அந்தத் தாய் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள் மகளையும் அழைத்துக்கொண்டே நகைக்கடைக்குச் சென்றார். அடகுக்கும் வட்டிக்கும் 51,000 போக 39,000 மிஞ்சிற்று. மூன்று தவணைகளுக்கான 23,400 ரூபாயை 90 நாள் கடக்கும் முன் வங்கியில் கட்டினார்கள். தண்டலில் மீதியிருந்த 12,000-ஐ ஒரேயடியாக முடித்தார்கள். எஞ்சிய 3,600 அம்மாதக் குழுத் தவணைக்குச் சரியாயிருந்தது. முன்பு வங்கிக்குக் கட்டாமலே மாதம் 12,000 ரூபாயில் குடும்பம் நடந்தது. இப்போது வங்கிக்குக் கட்டியும் 11,200 ரூபாய் மிஞ்சுகிறது. சங்கிலி போயிற்று, வீடு நின்றது.

அந்த 90 நாள் கணக்கை விளக்க வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக் கடன் என்று வகைப்படுத்துகிறது. பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம். அந்த நோட்டீசுக்குப் பதில் எழுதும் உரிமை நமக்கு உண்டு. எழுதினால் 15 நாளில் வங்கி விளக்கம் தர வேண்டும். கெடு முடிந்தபின் வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் அத்தீர்ப்பாயங்கள் உள்ளன. ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழுப் பாக்கியையும் செலவையும் செலுத்தி வீட்டை மீட்கலாம். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைக்கும் தொகை வீட்டுக்கு உரியவரையே சேரும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வழியில்லாதவர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றியே அங்கு இலவச உதவி உண்டு. ஆயினும் இவ்வளவு தூரம் போக விடாமல், முதல் தவணை தவறும்போதே கிளை மேலாளரைச் சந்திப்பது நல்லது. நோய், வேலையிழப்பு ஆகியவற்றுக்குச் சான்று காட்டிக் காலத்தை நீட்டித் தருமாறு எழுத்து மூலம் கேட்கலாம். நீட்டித்தால் தவணை குறையும். மொத்த வட்டி கூடும் என்பதையும் அறிந்தே கேட்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போருக்கும் இதுவே பொருந்தும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, உரிமையாளர் கேட்டு நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்திற்குள்ளும் செலுத்தாவிட்டால், வீட்டைக் காலி செய்யக் கோர அது காரணமாகும். அதே சட்டம், பாக்கியைச் சொல்லி மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கக் கூடாதென்று உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது. 'அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாயிருப்போர் பலர். அட்வான்ஸ் கரைந்தபின் அடுத்த வீட்டுக்கு முன்பணம் எங்கிருந்து வரும் என்று அவர்கள் எண்ணுவதில்லை. மேலும், வீட்டுக்காரர் என்றால் செல்வந்தர் என்பதில்லை. அந்த வாடகையில் மருந்து வாங்கும் விதவைத் தாய்மார் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். முழுவதும் தர இயலாவிட்டால் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு, நாள் தவறும் முன்பே சென்று சொல்லுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். 'சாமி, மற்றவர்களைக் காக்க வைப்பது நீதிக்கு விரோதமில்லையா?' என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனச்சான்றிலிருந்து பிறக்கும் கேள்வி அது. குருமடத்தில் நாங்கள் கற்ற அறநெறி இறையியல் இதற்கு விடை தருகிறது. கடனைத் திருப்பித் தரும் கடமை ஒருபோதும் அழிவதில்லை. ஆனால் தர இயலாத நிலை இருக்கும்வரை அக்கடமை ஒத்திவைக்கப்படுகிறது. தரும் மனம் உறுதியாயிருந்து, இயன்றதைத் தந்து, காரணத்தை மறைக்காமல் சொல்பவர் ஏமாற்றுக்காரர் ஆகமாட்டார். குழுக் கடனில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நாம் தவறினால் நம்மைப் போன்ற ஏழைப் பெண்களே அதைச் சுமக்க நேரும். ஆகவே தவணை நாளுக்கு முன்பே குழுவில் பேசிவிட வேண்டும்.

மிரட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற பெயர்களில் அநியாய வட்டி வாங்குவதை 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, குழுக் கடன் வசூலிப்போர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வீடு தேடி வரக் கூடாது. 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டியின் கொடுமையால் ஒரு தம்பதியரும் இரு பெண் குழந்தைகளும் தீக்கு இரையாகி மாண்டதை நாம் மறக்கலாகாது. எந்தக் கடனுக்கும் உயிர் ஈடாகாது. அத்தகைய எண்ணம் எவர் உள்ளத்தில் எழுந்தாலும் அந்த இரவே தம் பங்குக் குருவின் கதவைத் தட்டட்டும். எந்த நேரமானாலும் தட்டட்டும்.

திருமறை இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கக் கூடாதென்று இணைச்சட்ட நூல் விலக்குகிறது. அது பறிபோனால் குடும்பத்தின் அன்றாட உணவே பறிபோகும். அடகு வாங்க வந்தவன் வீட்டினுள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்றும் அதே நூல் கட்டளையிடுகிறது. ஏழையானாலும் அவன் வாசற்படிக்கு மதிப்பு உண்டு என்பதே அதன் பொருள். பஞ்ச காலத்தில் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்த மக்கள் கதறியபோது, நெகேமியா மக்களைக் கடிந்துகொள்ளவில்லை. வட்டி வாங்கிய பெரியோரைச் சபை கூட்டிக் கடிந்து, அவற்றைத் திருப்பித் தரச் செய்தார். கடன்காரர்களால் தன் புதல்வரை இழக்கவிருந்த கைம்பெண்ணிடம் எலிசா கேட்டதும், வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். எண்ணெய் பெருகியபின், விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள் என்றார். கடனை அடைப்பதோடு பிழைப்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

ஆகவே குடும்பத் தலைவர்களே, தலைவியரே, இவ்வாரம் ஒரு மாலையில் செபமாலை முடிந்தபின் இருவருமாக உட்காருங்கள். தாளில் நான்கு பத்திகள் வரையுங்கள். மறைத்து வைத்த கடிதங்களை வெளியே எடுங்கள். கூரை, உணவு, மின்சாரம், பிழைப்புக்கான கருவி ஆகியவை மேலே இருக்கட்டும். கூச்சல் போடுவோர் கீழே இருக்கட்டும். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனை, அதிலும் கைப்பேசியில் நொடியில் கிடைக்கும் கடனை, நாடாதீர்கள். கோயிலுக்குத் தர வேண்டிய வரி அத்தாளின் கடைசி வரியில் இருந்தால் போதும். கொடியேற்றம் எப்படியும் நடக்கும். திருவிழா நாளில் நீங்கள் குடும்பமாக உங்கள் சொந்த வாசலிலிருந்து புறப்பட்டு வருவதைக் காண்பதே ஆண்டவருக்கு மகிழ்ச்சி.