ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு

கார்த்திகை பிரம்மோற்சவத்தின் கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று திருச்சானூரில் கால் வைக்க இடம் இருக்காது. பத்மாவதித் தாயார் கோயில் குளத்தில் முழுக்குப் போட லட்சக்கணக்கானவர்கள் வந்து இறங்குவார்கள். அந்த வாரத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் மனம் ஒட்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, மேலிடத்தில் அச்சடித்து வரும் பாட அட்டவணையைத் தவிர. அட்டவணைக்குத் திருவிழா தெரியாது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நிலக்கடலை பிடுங்கும் பருவம் தெரியாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்ட எட்டு வயது அக்காவைத் தெரியாது. இந்த வாரம் கழித்தல் என்றால் கழித்தல். அடுத்த வாரம் பெருக்கல்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வரும் அந்தச் சிறுமிக்கு வகுப்பு எங்கோ போயிருக்கும். கழித்தல் தெரியாமல் பெருக்கலுக்குள் நுழைவாள். அடுத்த முறை வகுத்தலுக்கு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கத் திணறும் பிள்ளை ஒரே நாளில் உருவாவதில்லை. இப்படிப் பத்துப் பத்து நாளாகத்தான் உருவாகிறது.

எதை, எப்போது, எந்த வரிசையில் கற்பிப்பது என்று முடிவு செய்வதைக் கல்வித் துறையினர் கலைத்திட்டம் என்கிறார்கள். பெற்றோருக்குத் தெரிந்த பெயர் சிலபஸ். இதை வகுக்க உலகில் பல மாதிரிகள் உண்டு. அவற்றை ஒப்பிடச் சொல்லும் கேள்வி, ஆசிரியப் பயிற்சித் தேர்வுகளுக்குப் பழக்கமானது. திருச்சானூரிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் திருப்பதி பல்கலைக்கழகங்களின் ஊர். வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954ல் வந்தது. பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983ல். இந்த வட்டாரத்தில் வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பெண்கள் ஏராளம். டைலர் மாதிரி இடது பக்கம், டாபா மாதிரி வலது பக்கம், நடுவில் ஒரு கோடு. மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் கிடைத்துவிடும்.

ரால்ஃப் டைலர் அமெரிக்கர். 1949ல் வெளிவந்த அவருடைய சிறிய புத்தகம் நான்கு கேள்விகளைக் கேட்டது. பள்ளி எந்த நோக்கங்களை அடைய வேண்டும்? அதற்கு எந்தக் கற்றல் அனுபவங்களைத் தர வேண்டும்? அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது? நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது? இந்த நான்கையும் எந்தக் கல்வி அமைச்சகமும் மறுக்காது. ஏனென்றால் நோக்கத்தை வகுப்பவர் மேலே இருக்கிறார், வகுப்பறைக்கு அது உத்தரவாக வந்து சேர்கிறது என்பது அமைச்சகங்களுக்கு வசதியான ஏற்பாடு. டைலர் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான் நடந்தது.

எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டா டாபா மறு முனையிலிருந்து தொடங்கினார். 1962ல் வெளிவந்த தமது நூலில் அவர் சொன்ன முதல் படி, பிள்ளைகளின் தேவையைக் கண்டறிவது. அதைச் செய்யக்கூடியவர் அவர்கள் எதிரில் நிற்கும் ஆசிரியர்தான். எனவே ஆசிரியர்கள் சிறு சிறு பாட அலகுகளைத் தாங்களே எழுதி, வகுப்பில் சோதித்து, திருத்த வேண்டும். பொதுவான கலைத்திட்டம் அவற்றிலிருந்து திரண்டு வர வேண்டும். கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா வட்டாரத்து ஆசிரியர்களோடு சேர்ந்து சமூக அறிவியல் பாடங்களை அவர் அப்படித்தான் உருவாக்கினார். தேர்வுத் தாளில் எதிரெதிராக நிற்கும் இந்த இருவரும் 1930களில் ஒரே ஆய்வுக் குழுவில் பணியாற்றியவர்கள் என்பது விடைத்தாளில் இடம்பெறாத சுவையான தகவல்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகு என்ன ஆகிறது? 2024-25க்கான மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்புப்படி நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையில் முதலிடம் ஆந்திரப் பிரதேசத்துக்கு. அங்கு மட்டும் 12,000க்கும் அதிகம். ஒரே அறை அல்லது ஒரு அறையும் தாழ்வாரமும். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். ஒரே வாத்தியார். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற நான்கு வகுப்பும் சும்மா இருக்கும், அல்லது சத்தம் போடும். ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர், ஒரு பாடப்புத்தகம், ஒரு கல்வியாண்டு என்ற கற்பனையில் எழுதப்பட்ட எந்தத் திட்டமும் அந்த அறைக்குள் பொருந்தாது.

இந்தச் சிக்கலுக்கு இந்தியாவில் கிடைத்த தெளிவான விடைகளில் ஒன்று திருப்பதியிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது. தக்காளிச் சந்தைக்குப் பேர்போன மதனப்பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். அதை அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிறது அவர் நிறுவிய ரிஷி வேலி பள்ளி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளி அது. ஆனால் நாட்டின் அரசுப் பள்ளிகளைத் தொட்ட யோசனை, அந்தப் பள்ளியின் கிராமக் கல்வி மையத்தில் பிறந்தது. 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா தம்பதி சுற்றியுள்ள குக்கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பாடப்புத்தகம் அங்கே பயன்படாது என்று தெரிந்ததும் அதைப் பிரித்துப்போட்டார்கள்.

ஒவ்வொரு பாடமும் சில மைல்கற்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு மைல்கல்லும் சிறு படிகளாக: அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, தடுமாறுபவர்களுக்குக் கூடுதல் உதவி, முந்துபவர்களுக்குக் கூடுதல் தீனி. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. அட்டையின் மூலையில் ஒரு படச் சின்னம். எந்தச் சின்னத்துக்குப் பின் எந்தச் சின்னம் என்று காட்டும் பெரிய வரைபடம் சுவரில். அதன் பெயர் கற்றல் ஏணி. காலையில் வந்ததும் பிள்ளை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றைக் கற்கும் பிள்ளைகளோடு வாத்தியார் தரையில் உட்கார்ந்திருப்பார். பயிற்சியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். முழு ஆண்டுத் தேர்வு என்ற பூச்சாண்டி இல்லை. தேர்வு ஏணியின் ஒரு படிதான். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெட்டிக்குள் பள்ளி'.

இதில் பத்து நாள் வராத பிள்ளை எதையும் இழப்பதில்லை. தக்காளி பறிக்கப் போனாலும் காய்ச்சலில் படுத்தாலும், திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்து ஏறலாம். டைலரின் நான்கு கேள்விகளுக்கும் இங்கே பதில் உண்டு: நோக்கம் இருக்கிறது, வரிசை இருக்கிறது, மதிப்பீடும் இருக்கிறது. ஆனால் காலத்தைத் தீர்மானிப்பது அட்டவணை அல்ல, பிள்ளை. டாபா கேட்டதும் இருக்கிறது: அட்டைகள் அந்தக் கிராமத்துப் பேச்சையும் கதையையும் கணக்கையும் கொண்டு, வகுப்பில் போட்டுப் பார்த்துத் திருத்தி எழுதப்பட்டவை. தேர்வுத் தாளில் நடுவே கோடு போட்டுப் பிரித்த இரண்டும் இங்கே ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிட்டன.

நல்ல யோசனை ஒரே இடத்தில் இருக்காது. 1995ல் கர்நாடகத்தில் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டை வட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கு வந்து பார்த்தார்கள். திரும்பிப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்காகக் கன்னடத்தில் தாங்களே அட்டைகளை எழுதினார்கள். யுனிசெப் உதவி கிடைத்தது. 'நலி கலி' என்ற பெயரில், அதாவது மகிழ்ந்து கற்போம் என்ற பொருளில், அது பிற்பாடு மாநிலம் முழுக்கப் பரவியது. 2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பினார். 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08ல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்ததும், கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழே இறங்கியதும் அப்போதுதான்.

மொழி மாறும்போது அட்டை அப்படியே வராது. தெலுங்கில் வர்க்க எழுத்துகள் உண்டு, தமிழில் இல்லை. தமிழில் ஒரே க சொல்லில் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். தெலுங்கில் அதற்குத் தனித்தனி எழுத்து. தெலுங்கில் எளிதாகத் தோன்றும் வளைவு தமிழில் கிடையாது. எனவே எந்த எழுத்து முதலில், எந்தச் சொல் அடுத்து என்பதைத் தமிழ் ஆசிரியர்கள் புதிதாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அகர வரிசையை ஒதுக்கிவைத்து, எழுதச் சுலபமான, சேர்த்தால் உடனே சொல் கிடைக்கிற எழுத்துகளில் தொடங்கினார்கள். 'அ'னாவில் தொடங்காத படிப்பா என்று பாட்டிமார்கள் கேட்டிருந்தால் வியப்பில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாக இல்லாமல் மறு ஆக்கமாக அமைந்ததுதான் அந்த முயற்சிக்கு உயிர் தந்தது.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. 13 பள்ளி பல்லாயிரம் பள்ளியானபோது, அட்டை எழுதியவர்கள் சிலர், அதைப் பெற்றுக்கொண்டவர்கள் ஏராளமானவர்கள் என்றானது. தானே சமைத்தவருக்கு எங்கே உப்பு குறைவு என்று தெரியும். பொட்டலமாக வாங்கியவருக்கு அது தெரிய நியாயமில்லை. சின்னங்களைப் பின்பற்றுவதே பாடம் என்று சில பள்ளிகளில் ஆனது. வீட்டுப்பாடம் இல்லையே, பாடப்புத்தகம் திறக்கவில்லையே என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையின் படியையும் குறித்துவைக்கும் வேலை கூடுகிறது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். 2012-13ல் முப்பருவ முறை வந்து பாடப்புத்தகம் மூன்றாகப் பிரிந்தபோது ஏணியைப் புத்தகத்தோடு ஒட்ட வேண்டியதாயிற்று. பருவம் முடிவதற்குள் பாடத்தை முடிக்க வேண்டும் என்றால், பிள்ளையின் வேகத்துக்கு மரியாதை எங்கே?

கொரோனா விடுமுறையால் ஏற்பட்ட இழப்பைச் சரிக்கட்ட 2022ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பார்க்கும் இந்தத் திட்டத்தின் அடியில் இருப்பது பழைய நியாயமே: வயதுக்கு அல்ல, பிள்ளை நிற்கும் இடத்துக்கு ஏற்பக் கற்பிப்பது. கூடவே ஆசிரியர் கையேடும் வந்தது, மதிப்பீட்டைப் பதிவு செய்யச் செயலியும் வந்தது. கற்பிக்கும் நேரத்தைச் செயலி தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குறைப்பட்டன. பிள்ளைக்கு நெகிழ்ச்சி தரும் திட்டம் வாத்தியாருக்கு அதைத் தர மறந்துவிட்டால் இதுதான் நடக்கும்.

இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975லேயே இதைத்தான் வாதிட்டார். கலைத்திட்டம் என்பது வகுப்பறையில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு யோசனை, சோதிப்பவர் ஆசிரியர், எனவே ஆசிரியர் வளராமல் கலைத்திட்டம் வளராது என்பது அவர் கட்சி. நம் நாட்டில் யஷ்பால் குழு 1993ல் தந்த 'சுமையற்ற கற்றல்' அறிக்கை, பாடத்திட்டமும் பாடப்புத்தகமும் தயாரிப்பதில் ஆசிரியர்களின் பங்கு அதிகமாக வேண்டும் என்றது. அதே யஷ்பால் தலைமையில் உருவான 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் ஆசிரியரின் சுதந்திரத்தை வலியுறுத்தியது. அறிக்கைகளில் குறைவில்லை.

ஆகவே மாதிரிகளை ஒப்பிடும்போது தத்துவத்தைவிட மூன்று சாதாரணக் கேள்விகள் உதவும். நாளைக்கு என்ன பாடம் என்பதை யார் முடிவு செய்கிறார்? பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால் எங்கே உட்காரும்? பாடம் எடுபடவில்லை என்று தெரிந்தால் அதை மாற்ற வாத்தியாருக்கு அதிகாரமும், வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவகாசமும் உண்டா? பாடப்புத்தகத் திட்டம் முதல் இரண்டிலேயே தடுக்கி விழுகிறது. ஏணி இரண்டாவது கேள்வியை அழகாகத் தாண்டுகிறது. மூன்றாவதில் அது தேறுவதும் தோற்பதும் அதை நடத்தும் அரசின் கையில்.

அதைச் சோதிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. அட்டைகள் பிள்ளைகள் கையில் புழங்குபவை, கிழியும், தொலையும். ஒரு பள்ளியில் அட்டை கிழிந்தால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் போதும். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை என்பது பதிலானால், அங்கே இருப்பது துண்டு துண்டாக வெட்டிய பழைய பாடப்புத்தகம்தான். நாங்களே புதிதாக எழுதினோம், பழையதில் ஒரு சொல் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, அதையும் மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தால், ரிஷி வேலியின் பெட்டி உண்மையாகவே அந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.