இரண்டு கடைசிப் பந்துகள்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் மாணவன் ஒருவன் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. அதை எழுதுவதென்றால் முதலில் கிரிக்கெட்டைப் பற்றி எழுத வேண்டும். நமது தோட்டத்தில் பந்து என்றாலே கால்பந்துதான். ஆகவே சற்றுப் பொறுத்தருள்க.

இந்திய நாட்டில் சையது முஷ்டாக் அலி கோப்பை என்றொரு போட்டி உண்டு. இந்தூரில் பிறந்த முஷ்டாக் அலி, 1936இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 112 ஓட்டங்கள் எடுத்து, வெளிநாட்டு மண்ணில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றவர். அவர் பெயர் தாங்கிய கோப்பைக்காக அந்நாட்டின் மாநில அணிகளும் வட்டார அணிகளும், ரயில்வே, இராணுவம் ஆகியவற்றின் அணிகளும் மோதுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் 20 ஓவர், அதாவது 120 பந்துகள் மட்டுமே. ஐந்து நாள் ஆடும் டெஸ்டில் காலையில் செய்த பிழையை மாலையில் திருத்திக்கொள்ளலாம். இங்கே அதற்கு நேரமில்லை. ஐ.பி.எல். ஆட்டங்களுக்குள்ள வாண வேடிக்கையும் ஆரவாரமும் இதற்கில்லை. நமக்கு என்னவோ அதனாலேயே இது பிடிக்கும்.

2007இல் இப்போட்டி முதன்முதலாக நடந்தபோது தமிழ்நாடே வென்றது. அதன்பின் நெடுங்காலம் கோப்பை கைக்கு எட்டவில்லை. 2019 டிசம்பர் முதல் நாள், சூரத் நகரில், கருநாடகத்துடன் இறுதியாட்டம். கருநாடகம் 180 ஓட்டங்கள் எடுத்திருந்தது. கடைசி ஓவரில் தமிழ்நாட்டுக்கு 13 ஓட்டங்கள் தேவை. பந்து வீசியவர் கிருஷ்ணப்பா கௌதம். முதல் இரண்டு பந்துகளையும் அஸ்வின் எல்லைக் கோட்டுக்கு விரட்டினார். நான்கு பந்துகளில் ஐந்து ஓட்டங்கள்! ஆசிரியர் இல்லத்துத் திண்ணையில் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்திருந்த நாம் எழுந்தே நின்றுவிட்டோம். அடுத்த பந்தில் ஓட்டமில்லை. அதற்கடுத்ததில் ஒன்று. ஐந்தாம் பந்தில், அதுவரை 44 ஓட்டங்கள் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தியிருந்த விஜய் சங்கர், இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடி ரன் அவுட் ஆனார். கடைசிப் பந்தில் மூன்று தேவை, ஒன்றுதான் கிடைத்தது. ஒரே ஓட்டத்தில் தோல்வி. (கருநாடக அணியின் தலைவர் மணிஷ் பாண்டேவுக்கு மறுநாளே திருமணம் என்பதை அறிந்தபோது, சீர்வரிசையாக நம் கோப்பையும் போயிற்றே என்று நொந்துகொண்டோம்.)

2021 ஜனவரியில், பெருந்தொற்றுக் காலத்தில், தமிழ்நாடு பரோடாவை வீழ்த்திக் கோப்பையை மீட்டது. ஆயினும் சூரத்தின் கணக்கு தீரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், டில்லியில் மீண்டும் இறுதியாட்டம். எதிரே மீண்டும் கருநாடகம். இம்முறை தமிழ்நாட்டுக்குத் தலைவர் யார் தெரியுமா? சூரத்தில் பாதி வழியில் வீழ்ந்த அதே விஜய் சங்கர்தான்.

சாய் கிஷோர் நான்கு ஓவர்களில் 12 ஓட்டங்களே கொடுத்து மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியும், கருநாடகம் 151 எடுத்துவிட்டது. துரத்தும்போது தமிழ்நாடு மெல்ல மெல்லத் தளர்ந்தது. விஜய் சங்கர் 18 ஓட்டங்களுடன் வெளியேறினார். அவருடன் ஆடிய ஜெகதீசனும் அடுத்தடுத்து வீழ்ந்தார். கடைசி ஓவரில் 16 தேவை. மீண்டும் சூரத்தா என்று நம் வாய் முணுமுணுத்தது. முதல் பந்திலேயே சாய் கிஷோர் நான்கு அடித்தார். பிறகு சில்லறையாக ஓட்டங்கள். இறுதிப் பந்தில் ஐந்து வேண்டும். நான்கு அடித்தாலும் வெற்றியில்லை. ஆடியவர் ஷாருக் கான். இந்தி நடிகரின் பெயர் கொண்ட சென்னைப் பிள்ளை. லெக் திசையில் எல்லைக்கு அப்பால் போய் விழுந்தது பந்து. ஆறு! 15 பந்துகளில் அவர் எடுத்தவை 33. அக்கோப்பையை மூன்று முறை வென்ற முதல் அணியாயிற்று தமிழ்நாடு. நாம் போட்ட கூச்சலில் அடுத்த லயத்திலிருந்து ஆள் ஓடிவந்தது.

இனி நம் மாணவனின் கதைக்கு வருவோம்.

அவன் ஐந்தாம் ஆண்டில் பயில்பவன். வட்டாரப் பள்ளிகளுக்கிடையிலான கால்பந்தாட்டத்தில் பினால்டி உதை அவனிடம் வந்தது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. நம் பள்ளி வெளியேறிற்று. அன்றே பேருந்தில் திரும்பி வருகையில் சிலர் அவனைப் பேசிவிட்டனர். பெரியவர்களும் பேசினர் என்பதை வருத்தத்துடன் இங்கே பதிவு செய்கிறோம். அதன்பின் மூன்று வாரங்கள் அவன் திடல் பக்கமே வரவில்லை.

செம்பனைக் குலை வெட்டும் அவன் தந்தை ஒருநாள் மாலை, வேலை முடிந்த கையோடு, சேறு படிந்த காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு நம்மைக் காண வந்தார்.

"ஐயா, பையன் பந்தையே தொட மாட்டேங்கிறான். நான் சொன்னா கேக்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அறிவுரை கூறுவதில் நாம் அவ்வளவு வல்லவரல்லர். மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவனை அமர்த்தி, மேலே எழுதிய கதையை விஜய் சங்கரின் கதையாகவே சொன்னோம். சூரத்தில் வீழ்ந்தவர் டில்லியில் தலைவராகிக் கோப்பையைத் தூக்கினாரே என்று, சற்று நாடகப் பாங்குடனேயே முடித்தோம். அவன் கண்கள் விரியும் என்று எதிர்பார்த்தோம்.

அவனோ தரையைப் பார்த்தவாறு, "ஐயா, அந்தக் கடைசிப் பந்தப் போட்டவரு யாரு?" என்று கேட்டான்.

"பிரதீக் ஜெயின். கருநாடகத்துக்காரர்."

"ஆறு அடிச்சப்புறம் அவரு என்னா செஞ்சாரு, ஐயா?"

நாம் வாயடைத்துப் போனோம். அந்த ஆட்டத்தை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம்! பந்து பறந்ததையும், தமிழ்நாட்டு வீரர்கள் திடலுக்குள் பாய்ந்ததையும், கட்டித் தழுவியதையும் மனப்பாடமாகச் சொல்லுவோம். பந்து வீசியவர் எப்பக்கம் திரும்பினார், யார் அவர் தோளில் கை வைத்தார் என்பதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வென்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"பார்க்கவில்லையப்பா" என்றோம். அவன் தலையாட்டினான். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிரவு கைப்பேசியில் அந்த ஓவரை மறுபடியும் போட்டோம். இம்முறை நம் கண் மட்டையைத் தேடவில்லை.

அடுத்த வாரம் அவன் திடலுக்கு வந்தான். ஆடவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னே நின்று, உதை தவறி வரும் பந்துகளை எடுத்து உதைத்தவனிடமே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான்.