பன்னிரண்டாவது ஆள்

எனக்கு நீச்சல் தெரியாது. குமரி மாவட்டத்துக் கடற்கரை கிராமம் ஒன்றில் நடந்த மீனவர் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போன அன்று, அது எப்படியோ பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பயிற்சியாளர் லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "யாராவது போட்டுக் காட்டுங்க" என்றதும், அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். போட்டேன். தலைகீழாக! பந்தலே சிரித்தது.

"நீந்தத் தெரியாதவங்களுக்குத்தானே சார் அது? எங்களுக்கு எதுக்கு?" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

அலட்சியம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், அவர் பழகியது கட்டுமரத்தில். மரத்துண்டுகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. உள்ளே தண்ணீர் புக, அதற்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. அலை புரட்டிப் போட்டால், திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரையில் இருக்கும் மலையையும் கோபுரத்தையும் கண்ணால் அளந்தே இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்த மரத்துக்கு, அந்தத் தூரத்துக்கு அவர் சொன்னது ரொம்பச் சரி.

அவர் மகன் போவது ஃபைபர் படகில். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து இறங்கிய ஃபைபர் படகுகள் பல ஊர்களில் கட்டுமரத்தை ஓரங்கட்டிவிட்டன. மோட்டார் இருக்கிறது. மலை மறைகிற தூரத்துக்கும் போகலாம். எஞ்சின் கனத்தோடு கவிழ்ந்த படகைக் கடலில் திருப்பிப் போடுவது லேசான காரியமா? படகு மாறிய வேகத்துக்குப் பழக்கம் மாறவில்லை. "வலை இழுக்கையில பக்கிள் மாட்டுது சார், வெயில்ல வேகுது" என்று ஒரு இளைஞர் சொன்னதும் நியாயம்தான்.

அப்புறம் பேச்சு ஒக்கிக்கு வந்தது. பந்தல் அமைதியானது. 2017 நவம்பர் 30. புயல் என்று அறிவித்ததே அன்று காலையில்தான். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து விசைப்படகுகள் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தன. கையிலிருந்த வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. இப்போது இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி இருக்கிறது. பட்டனை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தகவல் வரும். 2024-ல் வந்த இரண்டாவது தலைமுறைக் கருவியில், 'தகவல் கிடைத்தது' என்று படகுக்குப் பதிலும் போகிறது. நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு!

டீ வந்தது. நான் குறிப்பு நோட்டை மூடிவிட்டேன். அப்போதுதான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு அக்கா பேச ஆரம்பித்தார்.

"ஒக்கியில எங்க அண்ணன் போன போட்டு திரும்பல. 'எத்தனை பேரு போனாங்க?'ன்னு ஆபீசருங்க கேட்டாங்க. ஒருத்தர் பதினொண்ணுன்னார். ஒருத்தர் பன்னெண்டுன்னார். பன்னெண்டாவது ஆளு வடக்கேருந்து வந்த பையன் சார். பேரு யாருக்கும் தெரியல. அவன் அம்மாவுக்கு யாரு தகவல் சொல்லியிருப்பா?"

யாரும் டீயைத் தொடவில்லை.

கிடங்கிலிருந்து ஒரு மூட்டை வெளியே போகணும் என்றால்கூட சலான் வேண்டும் என்று மூன்று வருடம் பி.காம். படித்தவன் நான். படகில் போனவர்கள் எத்தனை பேர் என்று கரையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, சட்டம் சாதாரணமாக ஏழு வருடம் காத்திருக்கச் சொல்கிறது. பேரே தெரியாத பையனுக்கு அந்த ஏழு வருடத்தை யார் எண்ணுவது?

அக்கா இடுப்பிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். படகின் பதிவு எண், ஆட்கள் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர், எத்தனை நாளைக்கு டீசல், ஐஸ்... ஒவ்வொரு முறை படகு கிளம்பும்போதும் எழுதுகிறாராம். "கரையில இருக்கிற எங்களுக்கும் சொல்லித் தாங்க சார். நேரத்துக்கு வரலைன்னா யாருக்குப் போன் போடணும்?"

பயிற்சியாளர் அந்த நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் பெரிதாக 1554 என்று எழுதினார். கடலோரக் காவல்படையின் இலவச எண். "கரையிலேருந்தும் போடலாம்மா."

நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பது பேர். எட்டு வரிகள் அக்காவின் கையெழுத்து. ஒன்பதாவது, எனக்குப் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு எழுத்தில் இருந்தது.

"அந்தப் பையனையே எழுதச் சொன்னேன் சார்" என்றார். "நான் எழுதி, தப்பாயிடக் கூடாதுல்ல?"