தண்ணீருக்கு அடியில் ஒரு மஸ்கெலியா

ஹட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி மஸ்கெலியா பஸ்ஸைப் பிடித்தால் டிக்கோயா, நோர்வூட் என்று வழி நெடுகத் தேயிலைதான். ஒரு வளைவில் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிந்து மறையும். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை இந்தப் பாதையில் இரவு பகல் பாராமல் வாகனங்கள் ஓடும். எல்லாம் நல்லதண்ணிக்குப் போகின்றவை. அங்கிருந்து 2,243 மீட்டர் உயரமான சிவனொளிபாத மலைக்கு ஏறுவார்கள். மஸ்கெலியாவில் வண்டியை நிறுத்தி ஒரு பிளேன்டீ குடிப்பவர்கள் உண்டு. ஊரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. அந்தக் குறை எனக்கு வெகு நாளாக உண்டு.

பார்வைக்குச் சிறிய ஊர். ஒரு கடைவீதி, பஸ் நிலையம், கோயில், பள்ளிவாசல், விகாரை. சம்பளத் திகதியான பத்தாம் திகதியை ஒட்டி வந்தால் பிரவுன்ஸ்விக், மொக்கா, மறே தோட்டத்துச் சனமெல்லாம் இங்கே இருக்கும். மாவும் சீனியும் கருவாடும் வாங்கி, ஓட்டோவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு மலைக்குத் திரும்புவார்கள்.

ஆனால் இது புது மஸ்கெலியா. பழையது தண்ணீருக்குள் இருக்கிறது.

மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. இந்த இரண்டு ஆறுகளிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்னார். பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் வந்தது. காசல்ரீ அணை 1965இலும் மவுஸ்ஸாகலை அணை 1969இலும் முடிந்தன. மவுஸ்ஸாகலையில் தண்ணீர் ஏற ஏற, பழைய கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் உள்ளே போயின. சனத்தை மேட்டுக்கு ஏற்றிப் புது ஊர் கட்டினார்கள்.

என் பெரியம்மா அப்போது பத்து வயதுச் சிறுமி. பழைய கடைவீதியில் அவருடைய அப்பா ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். போன பங்குனியில் மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கிவிட்டது, பழைய கோயில் வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டதும், “என்னைக் கூட்டிட்டுப் போடா, ஒரு தடவை பாத்திர்றேன்” என்றார். கரையில் மீன் பிடிக்கும் ஒருவரிடம் வள்ளத்துக்குச் சொல்லி வைத்தேன். ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு, கர்ப்பூரத்தையும் தீப்பெட்டியையும் பெரியம்மா முந்தானையில் முடிந்துகொள்ள, காலையில் கிளம்பினோம்.

தண்ணீரிலிருந்து பார்க்கும்போது மலை வேறு மாதிரி இருக்கிறது. பாதையில் போகும்போது தேயிலை நம் தலைக்கு மேலே தெரியும். வள்ளத்தில் இருந்து பார்த்தால் அது கரையில் தொடங்கி முகில் வரை ஒரே பச்சையாக ஏறிப் போகிறது. நடுவே வெள்ளைக் கோடாக லயம், அதற்கும் மேலே இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை. கரைக்கும் தேயிலைக்கும் இடையில் மட்டும் நீர் வற்றிய செம்மண் பட்டை, படிப்படியாக. வள்ளக்காரர் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து மலைத்தொடரைக் கைகாட்டினார். ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டினேர் விமானம் அதில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அவர் அதைச் சொல்லி முடித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பாதி வழியில் இயந்திரம் நின்றது. யாரோ கைவிட்ட நைலோன் வலை விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. வள்ளக்காரர் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கம் குனிந்தார். அதே நேரம் பனிமூட்டம் இறங்கி நாலு கரையையும் மூடிவிட்டது. வள்ளம் தானாக நகர்ந்து எதிலோ தட்டி நின்றது. துடுப்பை விட்டுப் பார்த்தால் ஒரு மரத்தூர். “பயப்படாதீங்கம்மா, அடியில தேயிலை மலை இருந்துச்சு. அதோட மரந்தான்” என்றார் அவர். பெரியம்மா பயப்படவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டு அந்தத் தூரைத் தடவிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் வலையும் அறுந்தது, மூட்டமும் விலகியது.

கரையில் இறங்கினால் முழங்கால் வரை சேறு. முதல் அடியிலேயே பெரியம்மாவின் ஒரு செருப்பு உள்ளே போய்விட்டது. கையை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. மற்றதையும் கழற்றி வள்ளத்தில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். கோயில் கல்லில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வாசற்படி மட்டும் பாதங்கள் தேய்த்த மழமழப்போடு அப்படியே கிடந்தது. அதில் உட்கார்ந்து இடத்தை அளந்தார். “இந்தா இங்க கடை. அந்தா, அந்தப் பள்ளத்துல பீலி. விடியக்காலையில குடத்தோட வரிசையில நிப்போம். பக்கத்து வீட்டு அக்கா எனக்கு முன்னால நிக்கும்.”

அந்த அக்கா இப்போது இந்தியாவில். 1947இல் மஸ்கெலியாத் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஜீ.ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்த தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. ஊரைத் தண்ணீர் கொண்டுபோன அதே காலத்தில் உறவுகளைக் கோச்சி கொண்டுபோனது. ஹட்டன் ஸ்டேஷனில் வைத்த ஒப்பாரியைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஆறுகள் தந்த மின்சாரம் கொழும்பில் எரிந்தபோது, அணையைச் சுற்றியிருந்த லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இதை மறந்துவிட்டு மவுஸ்ஸாகலையின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வருவதில்லை.

கர்ப்பூரம் ஏற்றலாம் என்று முந்தானையை அவிழ்த்தபோது தீப்பெட்டி நனைந்து ஊறிப் போயிருந்தது. தூரைத் தடவக் குனிந்தபோது முந்தானை தண்ணீரில் பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு குச்சியாகக் கிழித்துப் பார்த்தார், ஒன்றும் பற்றவில்லை. வள்ளக்காரரிடமும் நெருப்பு இல்லை. வானம் இடித்தது. பங்குனி, சித்திரையில் பின்னேர மழை இங்கே சொல்லாமல் வரும். கர்ப்பூரத்தைத் திரும்ப முடிந்துகொண்டு வள்ளத்துக்கு ஓடினோம். ரொட்டிப் பார்சலும் நனைந்தது. நனைந்த ரொட்டியை மூவரும் பிய்த்துத் தின்றுகொண்டே கரை சேர்ந்தோம்.

மறுநாள் காலை பெரியம்மா புது மஸ்கெலியாக் கோயிலுக்குப் போனார். அந்த ஈரக் கர்ப்பூரத்தை இரவெல்லாம் அடுப்போரம் காயவைத்திருந்தார். சன்னிதியில் ஏற்றும்போது, அந்த அக்காவின் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். “அது தெரியாதுங்க சாமி, பீலிக்கரையில எனக்கு முன்னால நிக்கும்” என்றார்.

நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் மஸ்கெலியாவில் ஒரு பொழுது தங்குங்கள். வறண்ட மாதமாக இருந்தால் கரையில் நின்று தண்ணீரைப் பாருங்கள். பக்கத்தில் வயதானவர் யாராவது நின்றால், எது எங்கே இருந்தது என்று கேளுங்கள். கைநீட்டிக் காட்டுவார்கள்.